பாசியும் பிறப்பும்

சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸில் நடந்த ஒரு கூட்டத்தில் இளைஞர் ஒருவர், "ஜாதி இல்லையென்பதை விஞ்ஞானம் மரபணுவைக் கொண்டு ருசுப்படுத்திவிட்டது, இனி நாம் வாதாட வேண்டுவதே இல்லை" என்று முழங்கினார். கைதட்டல் பலமாக இருந்தது. யானும் தட்டினேன். வீடு திரும்பும் வழியிலேதான், அவர் கூறியது சரிதானா என்ற ஐயம் எழுந்தது. நம் வழக்கு முழுவதையும் விஞ்ஞானத்திடம் ஒப்படைத்துவிட்டால், நாளை அது வேறொன்று கூறும்போது யாது செய்வது?

இதனை விளக்கப் பாசியைக் காட்டிலும் நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அன்பர்கள் நகைக்க வேண்டா. கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வாசலில் படிந்த பாசியை என் தாயார் கொட்டாங்கச்சியால் சுரண்டுவார். வழுக்கும், நாறும், பிள்ளைகளை விழச்செய்யும் என்பதைத் தவிர அதைப்பற்றி எங்களுக்கு வேறு அபிப்பிராயம் இருந்ததில்லை.

அவ்விழிபொருளுக்கே ஒருவர் தம் ஆயுளை அர்ப்பணம் செய்தார். அவர் 1886-இல் பிறந்து 1963-இல் மறைந்த எம்.ஓ.பி. ஐயங்கார். (பெயரின் வாலைக் கண்டு முகஞ்சுளிக்கும் தோழர்கள் சற்றுப் பொறுக்க. பிறப்பைக் கொண்டு மனிதனை மதிப்பிடலாகாது என்பது நம் கட்சியாயின், அஃது அவருக்கும் பொருந்தும்.) சென்னை மாநிலக் கல்லூரியிலும் சர்வகலாசாலையின் தாவரநூல் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றிய அவர், 1932-இல் ஈரமண்ணில் வளரும் பச்சைப் பாசியொன்றை விவரித்து, இலண்டனில் தமக்கு ஆசிரியராயிருந்த பிரிட்சின் நினைவாகப் 'பிரிட்சியெல்லா' எனப் பெயரிட்டார். மண்ணுக்குள் வேர்போன்ற இழைகளை இறக்கி, மேலே குருத்துப்போன்ற கிளைகளை விட்டு, சிறு செடியொன்றின் ஜாடையில் அது நின்றது. நீரைவிட்டு நிலத்திலேறிய முதற் செடியின் மூதாதை இத்தகையதாயிருக்கலாமென்று நெடுங்காலம் எண்ணப்பட்டது.

பின்னாளில் உயிரணுவின் உள்ளமைப்பையும், அதன்பின் மரபணுக்களையும் ஆராய்ந்தபோது கதை மாறிற்று. பிரிட்சியெல்லா வேறு கிளையைச் சேர்ந்தது. நிலச்செடிகளுக்கு மிக நெருங்கிய உறவோ, வேருமின்றித் தண்டுமின்றி, ஓரணுவாகவோ வெறும் இழையாகவோ கிடக்கும் இன்னொரு கூட்டம். குளத்தில் மிதக்கும் ஸ்பைரோகைரா அதனைச் சேர்ந்ததே. 2019-இல் அக்கூட்டத்துப் பாசிகள் இரண்டின் மரபணுத் தொகுதி வாசித்து வெளியிடப்பட்டது. வறட்சி முதலிய இடர்களைத் தாங்க நிலச்செடிகளுக்கு உதவும் மரபணுக்கள் சில அவற்றிலும் காணப்பட்டன. அவை மண்ணில் வாழும் பாக்டீரியாக்களிடமிருந்து வந்திருக்க வேண்டுமென ஆய்வாளர் முடிவு கட்டினர். அப்படியாயின், நமக்குச் சோறிட்ட ரப்பர் மரமும் ஏதோவொரு மண்கிருமியிடம் கடன்பட்டது. தூய குலம் பேசுவோருக்கு இதனினும் சவுக்கடி வேண்டுமோ என்று தோன்றும். எனக்கும் தோன்றிற்று.

ஆனால் கவனிக்க. இக்கதையில் பாசிநூலார் செய்தது என்ன? தோற்றத்தைத் தள்ளிப் பிறப்பைக் கொண்டே இனம் பிரித்தார்கள்! பாசிக்கு அதுவே சரி. அந்த நியாயத்தை மனிதனுக்குக் கொண்டுவந்தால் நாம் எங்கே நிற்போம்? 2013-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இந்திய மக்களின் முன்னோர் ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை பரவலாகக் கலந்தனரென்றும், அதன்பின்னர் அகமணம் வலுத்ததென்றும் கூறிற்று. முற்பாதியை நம் பிரசங்கிகள் விரும்பிச் சொல்வார்கள். பிற்பாதியை விழுங்கிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாய்த் தமக்குள்ளேயே மணந்த கூட்டங்களின் மரபணுவில் அந்த அடைப்பின் தழும்பு இருக்கவே செய்கிறது. அதைக் காட்டி, "பார்த்தீரா, வேற்றுமை மெய்தான்" என்று ஒருவன் எழுந்து நின்றால், கைதட்டிய நாம் என்ன விடையிறுப்போம்?

விடை மரபணுவில் இல்லை. வேற்றுமை உண்டென்பது ஒரு செய்தி. அதனால் ஒருவன் திண்ணையிலும் மற்றொருவன் தெருவிலும் உட்காரவேண்டும் என்பதோ மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. இரத்தத்தில் உயர்வு தாழ்வு எழுதியிருக்கிறதென்ற பொய்ச்சாட்சியை விஞ்ஞானம் கூண்டிலிருந்து இறக்கிவிட்டது, அவ்வுபகாரம் சிறிதன்று. தீர்ப்பெழுதும் வேலையை மட்டும் அதன் தலையில் ஏற்றலாகாது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தார் பாசி வகைகளை உயிரோடு வளர்த்துக் காத்து வருகின்றனர். ரப்பர், செம்பனை ஆலைகளின் கழிவுநீரைப் பாசியால் தெளிவிக்கவும் ஆராய்ந்துள்ளனர். அவர்களிடம் போய் ஜாதிக்கு மருந்து கேட்பது முறையோ?

எங்கள் லயத்தில் பாட்டி ஒருவர் இருந்தார். என் தாயாருக்குத் தண்ணீர் தருவதானால் வாசலில் கவிழ்த்து வைத்த தனிக் குவளையில்தான் தருவார். ஒருமுறை அவர் காய்ச்சலில் கிடந்தபோது, கஞ்சி காய்ச்சி எடுத்துப் போனவர் என் தாயார். பாட்டி குடித்தார். காய்ச்சல் தெளிந்த பின் அந்தத் தனிக் குவளை மீண்டும் வாசலுக்கு வந்தது. மரபணு நூல் அன்று கையிலிருந்திருந்தால் பாட்டி மாறியிருப்பாரென நான் நம்பவில்லை. என் தாயாரோ அதன்பிறகு அவ்வீட்டில் நீர் அருந்தியதில்லை. ஏனென்று கேட்டேன்.

"தாகமில்லை" என்றார்.