ஙகரத்தோடு சில காலைகள்

கோயில் கும்பாபிஷேக நோட்டீஸைப் பிழை பார்த்துத் தரச் சொல்லித் தெருக்காரர் ஒருவர் காலையில் கொடுத்துவிட்டுப் போனார். தமிழ் படித்தவன் என்று தெருவில் பெயர் வாங்கிவிட்டால் இப்படிச் சில வேலைகள் தானாக வந்து சேரும். யாகசாலை, கடம் புறப்பாடு, அன்னதானம் எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில், விழாக் கமிட்டியார் பெயர்களுக்கு மேலே, 'இங்கனம்' என்று இருந்தது. சிவப்புப் பேனாவால் க-வைச் சுழித்து, ஓரத்தில் ங என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் தோன்றியது: இந்த எழுத்தைப் புள்ளியில்லாமல், ஒரு காரியத்துக்காக எழுதி எத்தனை நாளாயிற்று?

புள்ளி வைத்த ங் ஓயாமல் கைக்கு வருகிறது. வெங்காயம், வங்கி, தங்கம், சங்கடம். மரம் ஒன்றாக நிற்கும்வரை ம், பலவானால் மரங்கள். மகரத்தில் முடிகிற பெயர் எதைப் பன்மையாக்கினாலும் ங் வந்து உட்கார்ந்துகொள்ளும். புள்ளியை எடுத்துவிட்டால் ஆளைக் காணோம்.

*

பேத்தியின் எழுத்து அட்டை சுவரில் தொங்குகிறது. மெய்யெழுத்துப் பகுதியில் ங்-க்குச் சங்குப் படம். உயிர்மெய்ப் பகுதியில் ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு கட்டம், பதினெட்டு வரிசை, ஆக 216. இரண்டாவது வரிசை ங, ஙா, ஙி, ஙீ என்று ஙௌ வரை போகிறது. குழந்தை அதை ராகம் போட்டுச் சொல்கிறாள். 'தாத்தா, ஙூல என்ன வரும்?' என்றாள். ஒன்றும் வராது என்று சொல்ல மனம் வரவில்லை. 'யோசிச்சுச் சொல்றேன்' என்றேன்.

ஙூ எப்படி எழுதுவது என்றே நான் ஒரு கணம் தயங்கினேன். நாலைந்து தரம் தாளில் எழுதிப் பார்த்தேன். நாலைந்தும் வேறுவேறாக வந்தன.

*

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, ங் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். நாக்கின் அடி, அண்ணத்தின் அடியைப் போய் அடைத்துக்கொள்கிறது. மூச்சு மூக்கு வழியாக வெளியேறுகிறது. இப்போது நாக்கை நகர்த்தாமல் மூக்கின் வழியை மூடி, பிறகு நாக்கை எடுத்தால் க. இரண்டுக்கும் நாக்கு இருக்கும் இடம் ஒன்றே. தொல்காப்பியம் க், ங் இரண்டையும் ஒரே பிறப்பிடத்தில் வைத்தது இதனால்தான். சங்கு என்று சொல்லும்போது நாக்கு ஒரு முறைதான் மேலே போகிறது. ஙகரம் முடிந்த இடத்தில் ககரம் தயாராக நிற்கிறது.

பூசை அறையில் உட்கார்ந்து ஓங்காரம் சொல்லுகிறவர்கள் மகரத்தில் உதட்டை மூடிவிடுகிறார்கள். உதட்டை மூடாமல் ஙகரத்திலேயே நிறுத்தினால் அதிர்வு மேலே, மூக்கின் உட்புறத்தில் நிற்கிறது. சில நாள் காலையில் அப்படி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பலன் ஏதும் சொல்லத் தெரியாது. சத்தம் நன்றாக இருக்கிறது.

*

இலக்கணம் இந்த எழுத்துக்கு இடம் கொடுத்த விதம் சற்றுக் கடுமையானது. தொல்காப்பியத்தின்படி சொல்லுக்கு முதலில் ங வராது. இறுதியில் வரக்கூடிய மெய்கள் பதினொன்று. அவற்றிலும் ங் இல்லை. மெல்லினம் ஆறில் ஞ, ந, ம மூன்றும் முதலிலும் வரும், கடையிலும் வரும். ண, ன முதலில் வராவிட்டாலும் கடைசியில் நிற்கும். இரண்டு வாசலும் அடைபட்டது ஙகரத்துக்கு மட்டுமே. நடுவிலும் கேட்ட இடத்தில் உட்கார முடியாது. பின்னால் க வர வேண்டும், அல்லது இன்னொரு ங வர வேண்டும்.

பவணந்தி மனம் இரங்கினார். 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதியவர், அங்ஙனம், இங்ஙனம், உங்ஙனம், எங்ஙனம், யாங்ஙனம் ஆகிய சொற்களில் வருவதுபோல, சுட்டுக்கும் வினாவுக்கும் பின்னால் ஙகரமும் மொழிக்கு முதலாகும் என்றார். 'ஙனம்' என்று ஒரு சொல்லைத் தனியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முன்னால் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அது வெளியே வருகிறது. முதல் என்று சொல்ல எனக்குத் தயக்கம். ஆனால் பவணந்தி திறந்த அந்தச் சின்னச் சந்து வழியாகத்தான் தெருக்கோயில் நோட்டீஸ் வரைக்கும் இந்த எழுத்து வந்து சேர்ந்திருக்கிறது.

*

மாடிவீட்டுக் குழந்தைக்கு மூன்று மாதம். விழித்துக்கொண்டால் அழுவதில்லை, மின்விசிறியைப் பார்த்துப் பேசுகிறது. பேச்சு என்றால் ஒரே எழுத்துதான். ங்... ங்ஙா... ங்கூ. மல்லாந்து கிடக்கும் பிள்ளைக்கு நாக்கு பின்னால் சாய்ந்து அண்ணத்தின் அடியைத் தொடுவது சுலபம். உதடு சேர்த்து ம, ப சொல்ல இன்னும் மாதங்கள் ஆகும். 'இங்கா வேணுமா, இங்கா வேணுமா' என்று தாய் பால் புட்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். பாலுக்கு 'இங்கா' என்று பெயர் வைத்தது யார்? பெரியவர்கள் வைத்ததாகத் தெரியவில்லை. பிள்ளை சொன்னதற்கு முன்னால் ஓர் இ போட்டு நாம் சொல்லாக்கிக்கொண்டோம்.

மொழிக்கு முதலில் வராது என்று விலக்கிய எழுத்தில்தான் எல்லாரும் பேச ஆரம்பிக்கிறோம். பிறகு இலக்கணம் வந்து திருத்துகிறது.

*

ஔவையார் ஆத்திசூடி சொல்லிக்கொண்டே வந்து மெய் வரிசையில் இரண்டாவதாக இந்த எழுத்தின் முன் நின்றிருக்கிறார். ட, ண வந்தபோது முன்னால் ஓர் இகரத்தைப் போட்டு 'இடம்', 'இணக்கம்' என்று ஆரம்பித்துத் தாண்டிவிட்டார். ஙகரத்துக்கு அந்தத் தந்திரத்தைச் செய்யவில்லை. எழுத்தையே பொருளாக்கி, இதைப் போல வளைந்திரு என்று சொல்லிவிட்டார். சொல் கிடைக்காத இடத்தில் எழுத்தின் உருவத்தையே பார்க்கத் தோன்றியது பெரிய காரியம்.

இதற்கு இரண்டு விதமாகப் பொருள் சொல்வார்கள். எழுத்து வளைந்திருப்பதுபோல நீயும் பணிந்திரு என்பது ஒன்று. மற்றது, ஙா முதல் ஙௌ வரை பயனில்லாத தன் இனம் அத்தனையையும் ஙகரம் தழுவிக்கொண்டு நிற்பதுபோல, நீயும் உன் சுற்றத்தைத் தழுவிக்கொள் என்பது. பள்ளியில் இரண்டாவதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். சம்பாதிக்கிற ஒருவன், உட்கார்ந்து சாப்பிடும் பதினொரு பேர். அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பம்போல அது அப்போது அழகாகத் தெரிந்தது. இப்போது சந்தேகம் வருகிறது. அந்தச் சம்பாதிக்கிறவன் ககரத்தின் தோளில் அல்லவா சாய்ந்து நிற்கிறான்? க விலகினால் இந்த வீட்டில் அடுப்பு எரியாது.

பாரதி தன் புதிய ஆத்திசூடியில் ககர வரிசை முடிந்ததும் நேரே சகரத்துக்குப் போய்விடுகிறார். அவசரக்காரர்.

*

இப்போது நான் இருக்கும் ஊரின் பேச்சில் வரும் ஙகரம் தஞ்சாவூர்க்காரனான எனக்கு முதலில் விநோதமாக இருந்தது. கோயம்புத்தூருக்கு வந்த புதிதில் பஸ் கண்டக்டர் சில்லறையை நீட்டி 'இந்தாங்' என்றார். 'சரிங்', 'ஏனுங்', 'சொல்லுங்'. நான் கடைசியில் ஒரு க வரும் என்று காத்திருப்பேன், வராது. மரியாதை அத்தனையும் அந்த ங் என்ற ஒற்றிலேயே தங்கி, மூக்கில் கொஞ்ச நேரம் ஒலித்து அடங்கும். சொல்லின் கடைசியில் இந்த எழுத்து வராது என்று எழுதி வைத்த புலவர், கோபிசெட்டிபாளையம் சந்தையில் ஒரு காலை நின்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆங்கிலச் சொற்களும் இதே வேலையைச் செய்துவிட்டன. மீட்டிங், பார்க்கிங், கோச்சிங். வாசல் எப்போதோ திறந்துவிட்டது.

*

வாளையாறு தாண்டி மலையாளத்துக்குள் போனால் ககரத்தை ஙகரம் விழுங்கிவிடுகிறது. தேங்காய் 'தேங்ஙா', மாங்காய் 'மாங்ஙா', மரங்கள் 'மரங்ஙள்', நீங்கள் 'நிங்ஙள்'. பாலக்காட்டு டீக்கடையில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து 'எங்ஙனெ' என்று கேட்டார். எப்படி என்று அர்த்தம். பவணந்தி வழிவிட்ட எங்ஙனம்தான். நம் பக்கம் அது புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அங்கே கண்ணாடிக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உயிரோடு நிற்கிறது.

மற்றத் திசைகளில் நிலைமை வேறு. தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்த எழுத்து நெடுங்கணக்கில் உண்டு, எழுத்தில் பெரும்பாலும் கிடையாது. கங்கை என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு வட்டத்தையோ புள்ளியையோ வைத்து முடித்துவிடுகிறார்கள். ஹிந்தியிலும் அப்படியே. பல பாலபாடங்களில் அந்தக் கட்டத்துக்குப் படம் இராது. 'காலி' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். எல்லா மூக்கொலிக்கும் பொதுவாக ஒரு புள்ளி என்ற வசதி தமிழுக்கு இல்லை. ககரத்துக்கு முன் ங், சகரத்துக்கு முன் ஞ் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதியாக வேண்டும். கைக்கு வேலை கூடுதல்தான். அந்த வேலைதான் ஙகரத்தைக் காப்பாற்றியது.

*

பேத்திக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று, பயனில்லாத அந்தப் பதினொரு கட்டங்களையும் கொண்டு ஊர் சுற்றினேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

நியூசிலாந்தின் மாவோரி மொழியில் பெயர்ச்சொல் பன்மை என்று காட்ட முன்னால் ஒரு சொல் வைக்கிறார்கள். அது 'ஙா'. ஒரு பக்கம் படித்தால் பத்து இடத்தில் வரும் சொல். ஹாங்காங்கில் காண்டனீஸ் பேசுகிறவர் 'நான்' என்று சொல்ல 'ஙோ' என்கிறார். அங்கேயும் இளையவர்கள் பலர் ஙகரத்தை விட்டுவிட்டு 'ஓ' என்றே சொல்லிவிடுகிறார்கள் என்பது சின்ன வருத்தம். வியட்நாமில் 'ஙா' தந்தம், 'ஙெ' என்றால் கேள், 'ஙு' என்றால் தூங்கு. அந்நாட்டில் மிகப் பரவலான குடும்பப் பெயரும் இந்த ஒலியில்தான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் அதை எழுதி வைத்துவிட்டு உச்சரிக்க முடியாமல் உலகம் திணறுகிறது. தமிழில் 'ஙுயென்' என்று எழுதினால் ஏறக்குறையப் பக்கத்தில் போய்விடலாம். நாம் காலி என்று பூட்டி வைத்த அறைகளில் வெளியூர்க்காரர்கள் குடியிருக்கிறார்கள்.

ஆனாலும் நாக்கு பழக்கத்தை விடாது. சிங்கப்பூரில் 2011 முதல் 2025 வரை தற்காப்பு அமைச்சராக இருந்தவரின் குடும்பப் பெயர் வெறும் ஙகர ஒற்று; உயிரெழுத்தே இல்லை. அவர் பெயரைத் தமிழில் இங் எங் ஹென் என்று எழுதுகிறார்கள். முன்னால் அதே இகரம். ஔவையார் டகரத்துக்குப் போட்டது, தாய் பாலுக்குப் போட்டது.

*

நோட்டீஸ் வேலைக்காகவே கணினியைத் திறந்தேன். தமிழ்99 விசைப்பலகையில் ங தட்டி அடுத்து க தட்டினால், கேட்காமலே ங-மேல் புள்ளி வந்துவிடுகிறது. இந்த எழுத்து வந்தால் பின்னால் யார் வருவார் என்று விசைப்பலகைக்குத் தெரியும். ங-வை இரண்டு முறை தட்டினேன். முதலாவது புள்ளி வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றது. இரண்டாவது வெறுந்தலையோடு திரையில் நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் நேர்க்கோடு, அடியில் ஒரு மடிப்பு, உள்ளே தன்னையே பார்த்துக்கொள்வதுபோல ஒரு திருப்பம். வளைந்திரு என்று ஔவையார் சொன்னதில், சுற்றத்தை விட்டுவிட்டு இந்த உருவத்தைத்தான் இனி எடுத்துக்கொள்வேன்.

எழுத்துகளைக் குறைக்கலாம் என்று பேசுகிறவர்கள் முதலில் கை வைக்க நினைப்பது இந்த வரிசையில்தான். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்தைச் சீர்திருத்தியபோது ணா, றா, னா, ணை, லை போன்றவற்றின் உருவம் மாறியது. ங வரிசையில் யாரும் கை வைக்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. பன்னிரண்டு கட்டம் அட்டையில் எவ்வளவு இடத்தை அடைத்துவிடப் போகிறது?

பேத்தியிடம், ஙூ-வுக்கு இன்னும் சொல் வரவில்லை, வந்தால் எழுத இடம் தயாராக இருக்கிறது என்றேன். அவள் அதற்குள் ச-வுக்குப் போய்விட்டாள்.

*

அச்சகத்தில் திருத்தத்தைக் காட்டினேன். 'இதையெல்லாம் யாருங்க பாக்கப் போறாங்க' என்றார் அச்சகக்காரர். ஒரே மூச்சில் இரண்டு ஙகரம். இருந்தாலும் மாற்றித் தருவதாகச் சொன்னார்.

இன்று காலை நோட்டீஸ் வந்துவிட்டது. ஐந்நூறு பிரதி, மஞ்சள் தாள். அடியில் 'இங்ஙணம்' என்று இருக்கிறது.