வெளியே திறக்கும் வாசல்

வைகுண்ட ஏகாதசியன்று விடியற்காலையில் ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறக்கும். ரத்தின அங்கியில் உற்சவர் நம்பெருமாள் அதைக் கடந்து வர, பின்னாலேயே தானும் அந்த வாசலை மிதித்துவிட வேண்டும் என்று ஊர் கொள்ளாத கூட்டம் நிற்கும். இந்த ஊரில் பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். சொர்க்கத்தை விட்டு வெளியே போவதற்கென்று ஒரு வாசல் வைத்த கதையைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தக் கதை ஓர் அமெரிக்க நகைச்சுவைத் தொடர். 'தி குட் பிளேஸ்' என்று பெயர். மைக்கேல் ஷூர் உருவாக்கியது. என்.பி.சி. தொலைக்காட்சியில் 2016 செப்டம்பரில் தொடங்கி 2020 ஜனவரியில் முடிந்தது. "அத்தை, இது உங்களுக்குன்னே எடுத்த மாதிரி இருக்கு" என்று தம்பி மகள்தான் நெட்ஃபிளிக்ஸில் போட்டுக் காட்டினாள். முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச வழியில்லை. இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இறந்துபோன நாலு பேர் மேலுலகத்தில் கண்விழிக்கிறார்கள். எலனார், சிடி, தஹானி, ஜேசன். சிடி உயிரோடு இருந்தபோது அறவியல் பேராசிரியர். டாட் மே, பமீலா ஹிரோனிமி என்ற இரண்டு நிஜத் தத்துவப் பேராசிரியர்களிடம் ஆலோசனை கேட்டு எழுதிய தொடர் இது. கேட்டது வீண்போகவில்லை. தொடரில் பூமியில் செய்ததற்கெல்லாம் மேலுலகத்தில் புண்ணிய பாவக் கணக்கு உண்டு. 1534-இல் ஒருவன் தோட்டத்து ரோஜாவைப் பறித்துப் பாட்டிக்குக் கொடுத்தான், புண்ணியம் ஏறியது. 2009-இல் இன்னொருவன் கைப்பேசியில் ஆர்டர் செய்து அதே ரோஜாவைப் பாட்டிக்கு அனுப்பினான். கணக்கில் பாவம்தான் ஏறியது. அந்தக் கைப்பேசியைச் செய்தவர்கள் பட்ட பாடு, தோட்டக் கூலியாட்களின் நிலைமை எல்லாம் அவன் தலையில் விழுந்ததே காரணம். சிரித்து முடிப்பதற்குள் தொண்டை அடைக்கும் இடம் அது.

நான் சொல்ல வந்தது கடைசி இரண்டு பகுதிகளைப் பற்றி. முதலில் கண்விழித்த இடம் சொர்க்கமே இல்லை என்று தெரிந்து, பாடெல்லாம் பட்டு நால்வரும் உண்மையான சொர்க்கத்துக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே ஹைபேஷியாவைச் சந்திக்கிறார்கள். அலெக்சாண்டிரியாவில் கணிதமும் வானியலும் கற்பித்த அதே ஹைபேஷியா. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் நடித்த லிசா குட்ரோ அந்த வேடத்தில் வருகிறார். கையில் மில்க்‌ஷேக், முகத்தில் ஒரு மந்தச் சிரிப்பு. கணக்கெல்லாம் மறந்துவிட்டது. கேட்டதெல்லாம் கேட்ட மாத்திரத்தில் கிடைக்க, காலத்துக்கும் முடிவில்லாமல் போக, அங்கே இருப்பவர்களுக்குப் புத்தி மழுங்கிவிட்டது. இதற்கு மருந்தாகத்தான் கதவு வைக்கிறார்கள். போதுமென்று தோன்றும்போது அதைத் தாண்டிப் போகலாம். அதற்கப்பால் நாம் இல்லை. ஜேசன் போகிறான். கடலுக்குத் திரும்பும் அலை என்று பௌத்தத்தைச் சொல்லி எலனாரைத் தேற்றிவிட்டுச் சிடி போகிறான். கடைசியில் எலனாரும் போகிறாள்.

இது புதிய எண்ணமில்லை. காரெல் சாபெக்கின் நாடகத்தில் எலினா மக்ரோபுலோஸ் என்ற பாடகி ஆயுளை நீட்டிக்கும் மருந்தால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, எதிலும் பிடிப்பற்றுப் போய், மறுபடி அந்த மருந்து வேண்டாம் என்கிறாள். அவளை வைத்து பெர்னார்ட் வில்லியம்ஸ் 1973-இல் எழுதிய கட்டுரை, சாகா வரம் கடைசியில் சலிப்பில்தான் கொண்டுபோய் விடும் என்று வாதாடுகிறது. ஷூர் அந்தப் பக்கம்தான் நிற்கிறார்.

கேட்டதெல்லாம் முடிவில்லாமல் கிடைக்கும் இந்தச் சொர்க்கம் இப்போது நம் கூடத்துக்கே வந்துவிட்டது. 2013 பிப்ரவரியில் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் 13 பகுதிகளையும் நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாளில் இறக்கியது. வாரத்துக்கு ஒன்றாக வந்ததெல்லாம் அதன்பின் மொத்தமாகக் கொட்ட ஆரம்பித்தது. ஒரு பகுதி முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும்போதே படம் மூலைக்குச் சுருங்குகிறது, எண்கள் இறங்குகின்றன, அடுத்தது வந்துவிடுகிறது. இருபத்திரண்டு நிமிட நகைச்சுவையில் கடைசி அரை நிமிட மௌனத்துக்கு வேலை உண்டு. சிரித்தது எதற்கு என்று அப்போதுதான் உறைக்கும். அந்த அரை நிமிடத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்களே என்று எனக்கு வருத்தம் உண்டு, கோபமும் உண்டு.

2013-இல் முடிந்துபோன 'தி ஆஃபீஸ்' தொடரை 2020-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கர்கள் 5,700 கோடி நிமிடங்களுக்கு மேல் இணையத்தில் பார்த்ததாக நீல்சன் நிறுவனம் கணக்குச் சொன்னது. அந்தத் தொடரின் எழுத்தாளர்களில் ஷூரும் ஒருவர். முடியவிடாமல் ஜனங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு தொடரில் எழுதியவர்தான், முடிவு வேண்டும் என்று சொல்லும் தொடரையும் படைத்தார்.

ஆனால் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் சலிக்கிறது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊர் அத்யயன உற்சவத்தில் பகல்பத்து, இராப்பத்து என்று நாலாயிர திவ்யப் பிரபந்தமும் வருஷா வருஷம் சேவிக்கப்படுகிறது. அதே பாசுரம், அதே அரையர் சேவை. என் அப்பா பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் நின்ற காலம் முழுக்க அதற்காக ஏங்கினாரே தவிர, அலுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கு அங்கே ஒரு குரல் இருந்தது. அடுத்த அடியை எடுக்க வேண்டிய பொறுப்பு இருந்தது.

வைணவம் சொர்க்கத்தையும் வைகுண்டத்தையும் ஒன்றாக்குவதில்லை. சொர்க்கம் புண்ணியத்துக்குக் கிடைக்கும் போகம். புண்ணியம் தீர்ந்தால் இறங்கிவிட வேண்டியதுதான். அதைப் பற்றி ஷூர் சொல்வதெல்லாம் சரி. வைகுண்டம் வேறு. அங்கே முக்தனுக்குக் கிடைப்பது கைங்கரியம், அதாவது தொண்டு. அந்த ஆனந்தத்துக்கு முடிவில்லை என்று ராமானுஜ சம்பிரதாயம் துணிந்து சொல்ல முடிவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அனுபவிக்கிறவனுக்கு அலுக்கும், செய்கிறவனுக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது. இராப்பத்தின் கடைசி நாளில் நம்மாழ்வார் மோட்சம் நடக்கும். ஆழ்வாரைப் பெருமாள் திருவடியில் சேர்த்துத் துளசியால் மூடுகிறார்கள். அதோடு முடிவதில்லை. உலகத்துக்கு அவர் வேண்டும் என்று கேட்டுத் திரும்பப் பெறுகிறார்கள். மோட்சம் அடைந்தவருக்கும் வேலை மிச்சமிருக்கிறது.

தொடரிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. தஹானியும் போகத் தயாராகிறாள். ஆனால் கதவைத் தாண்டவில்லை, மேலுலகத்தை வடிவமைக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். எல்லோரும் சிடிக்காக அழுகிறார்கள். எனக்கு மனசு நிறைந்தது தஹானியிடம்தான்.

"அத்தை, அவளுக்கு மட்டும் வேலை பிடிச்சிருந்தது, அவ்வளவுதானே? எல்லாருக்கும் அப்படி இருக்கணுமா?" என்று தம்பி மகள் ஃபோனில் மடக்கினாள். நியாயமான கேள்வி. எலனாருக்குக் களைப்பு வந்தது நிஜம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. இப்போதெல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பகுதி பார்த்துவிட்டு டிவியை அணைத்துவிடுகிறேன். மறுநாள் அவளோடு வாதாட வேண்டும், அதற்கு யோசிக்க நேரம் வேண்டும். அந்தக் கடைசிப் பகுதிகளைப் பற்றி எங்களுக்குள் வாதம் இன்னும் தீரவில்லை.

அவளிடம் நான் திரும்பக் கேட்டது ஹைபேஷியாவைப் பற்றி. சரித்திரத்தில் அந்த அம்மாளைத் தேடி மாணவர்கள் வந்தார்கள். சினீசியஸ் என்ற மாணவர் பிற்பாடு கிறிஸ்தவ பிஷப் ஆனவர். அவர் அவளுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் மில்க்‌ஷேக் கொடுத்து உட்கார வைத்தார்கள், புத்தி மழுங்கியதும் கதவைக் காட்டினார்கள். அந்தச் சொர்க்கத்தில் கணக்குத் தெரியாதவன் ஒருவன்கூடவா இல்லை? அவனை அவள் எதிரில் உட்கார்த்தியிருக்கலாமே.