உகளும் கயல்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருப்பாவை மூன்றாம் பாட்டில், செந்நெற்பயிரின் நடுவே கயல்கள் செய்யும் செயலை ‘உகள’ என்ற ஒரே சொல்லால் நாச்சியார் அருளிச்செய்கிறாள். உகளுதலாவது துள்ளுதல், தாவித் திரிதல். இன்று பேச்சில் வழங்காத பழஞ்சொல் இது. குறுந்தொகையிலும் தெளிந்த நீரைப் பருகிய இரலைமான் தன் துணையோடு உகளுகிறது. இரை தேடி ஓடுவதோ பகைக்கு அஞ்சி ஓடுவதோ இவ்விடங்களில் கருத்தன்று. குறையொன்றுமில்லாத உயிர், மகிழ்ச்சி உள்ளடங்காமல் ஆடும் விளையாட்டே கருத்து.

இரண்டாம் பாட்டில் நெய்யும் பாலும் விலக்கி, மையும் மலரும் தவிர்த்தார்கள் ஆய்ச்சியர். அடுத்த பாட்டிலேயே கயல் உகளுகிறது. நோன்பு நோற்றவர்கள் அவர்கள். மழை அருளியவன் உலகளந்த உத்தமன். கயல் செய்தது யாது? நீரிலே கிடந்தது, அவ்வளவே. ஆசார்யனுடைய முயற்சியால் பேறு பெறும் நமக்கு இதனினும் நல்ல உவமை உண்டோ? அருகே குவளைப்பூவில் வண்டு உறங்குகிறது. ஒன்று துள்ளுகிறது, ஒன்று துயில்கிறது. இரண்டும் தன் பாரத்தைத் தான் சுமவாமையின் வடிவங்களே.

கரையில் எறியப்பட்ட மீனும் துள்ளும், அது துடிப்பு. நீரினின்று எடுத்த மீன்போல ஒரு முகூர்த்தமும் தரியோம் என்று பெருமாளிடம் இளையபெருமாள் விண்ணப்பித்ததை இங்கு நினைக்க வேணும். ஆகையால் உகளுதல் கட்டுப்பாடின்மை அன்று. சேஷத்வமாகிய நீருக்குள்ளே விளையும் களிப்பு.

வங்கிப் பணியில் இருந்த காலத்தில் ஒரு பெரியவரைக் கண்டதுண்டு. வைப்புத்தொகை ரசீதைக் கையில் வைத்துக்கொண்டே, பணம் பத்திரமாக இருக்கிறதா என்று வாரந்தோறும் கேட்க வருவார். உள்ளூர நகைத்தோம். ஓய்வு பெற்றபின், மகள் நோயுற்றுக் கிடந்த நாட்களில், ஆத்மாவையும் ஆத்மீயங்களையும் எம்பெருமான் திருவடியில் ஒப்படைத்துவிட்ட நாமே அதே கேள்வியை இரவெல்லாம் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தோம். மருந்து வாங்குவதும் பணிவிடை செய்வதும் நம் கடமை. காப்பது அவன் பொறுப்பு. இதனை அறிந்திருந்தோம், ஆயினும் நம்பவில்லை. ஒரு விடியலில் திருப்பாவை அநுஸந்திக்கையில் ‘உகள’ என்னுமிடத்தில் நா தழுதழுத்து நின்றது. அன்று நோய் தீரவில்லை, கேள்வி தீர்ந்தது.

இன்னும் உகளக் கற்றோமல்லோம். துடிப்பு எது, உகளல் எது என்று பிரித்தறியும் அளவுக்கு நாச்சியார் கடாக்ஷித்தாள்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.