முப்பத்து நான்கு வயதில் ஓய்வு

ஓய்வு என்பது நம்மிடையே வயதானவர்களுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்ட சொல். குமாஸ்தா ஓய்வு பெறுகிறார். வாத்தியார் ஓய்வு பெறுகிறார். ஒரு ரோஜா மாலை, ஒரு குரூப் போட்டோ, அப்புறம் சாய்வு நாற்காலியும் பேரக் குழந்தைகளும். உடம்பையே முதலாக வைத்துப் பிழைப்பவனுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பாதி வழி போவதற்குள்ளேயே ஓய்வு வந்து குறுக்கே நின்றுவிடுகிறது. மிச்சமிருக்கும் முப்பது நாற்பது வருஷங்களை அவன் என்ன செய்வது? அவனுடைய நல்ல வருஷங்களை அனுபவித்தவர்கள் அவனுக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறார்களா, இல்லை, டிக்கெட் காசோடு கணக்குத் தீர்ந்துவிட்டதா?

ஐ. எம். விஜயனை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன். நம்மில் பலருக்கு அவர் ‘திமிரு’ படத்தில் வந்த முரட்டு ஆள், அவ்வளவுதான். கால்பந்து தெரிந்தவர்களைக் கேளுங்கள், கண் மின்னச் சொல்வார்கள். திருச்சூரில் 1969-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஊர் மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது சோடா விற்றிருக்கிறார். பாட்டிலுக்குப் பத்துப் பைசா. விற்கப் போன மைதானத்திலேயே ஆடவும் போனார். மீசை சரியாக அரும்பாத வயதில் கேரளப் போலீஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. பிறகு மோகன் பகான், ஜே.சி.டி., எப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால், சர்ச்சில் பிரதர்ஸ் என்று எத்தனையோ சட்டைகள். கல்கத்தாக்காரர்கள் அவருக்குக் ‘கறுப்பு மான்’ என்று பேர் வைத்தார்கள். 1999-இல் காட்மாண்டுவில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய பன்னிரண்டாவது விநாடியில் ஒரு கோல் போட்டார். இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு அதைவிட அதிக நேரம் பிடித்தது!

2003-இல் ஹைதராபாத்தில் ஆப்பிரிக்க–ஆசிய விளையாட்டுப் போட்டி. அதில் நான்கு கோல் அடித்து, அதிக கோல் அடித்தவர் என்ற பெயரோடு, நாட்டுக்காக ஆடுவதை நிறுத்திக்கொண்டார். அப்போது வயது முப்பத்து நான்கு.

உச்சியில் இருக்கும்போதே விலகினார் என்று புகழ்வது நம் வழக்கம். இந்தப் புகழ்ச்சியில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆட்டக்காரன் உச்சியில் விலகினால் லாபம் யாருக்கு? பார்த்தவனுக்கு. அவன் மனத்திலிருக்கும் படம் கறைபடாமல் இருக்கிறது. ஸ்பெயின் தேசத்து பெர்னாண்டோ டாரஸ் 2008-இல் வியன்னாவில் ஜெர்மனியை வீழ்த்திய ஒரே கோலை அடித்து, தன் நாட்டுக்கு ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். பதினொரு வருஷம் கழித்து ஜப்பானில் அவர் ஆடிய கடைசி ஆட்டத்தில் அவருடைய அணி ஒன்றுக்கு ஆறு என்ற கணக்கில் தோற்றது. ‘முன்பே விலகியிருக்கலாமே’ என்று சொல்லத் தோன்றும். ஏன் விலக வேண்டும்? கால் அவருடையது, ஆசையும் அவருடையது. நம் ஞாபகத்தைப் பளபளவென்று வைத்திருப்பது அவருடைய உத்தியோகமா என்ன?

விஜயன் விஷயத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது கோல்கள் அல்ல, அந்தப் போலீஸ் உத்தியோகம். கால் ஓய்ந்த பிறகும் அவர் போட்டுக்கொள்ள ஓர் உடுப்பு இருந்தது. மலபார் சிறப்புப் போலீஸில் அதிகாரியாக இருந்து, 2025 ஏப்ரலில், எல்லாரையும் போல வயதாகி, முறைப்படி ஓய்வு பெற்றார். அதே வருஷம் பத்மஸ்ரீயும் வந்தது. ஒரே மனிதனுக்கு இரண்டு ஓய்வு. முதல் ஓய்வுக்கும் இரண்டாவதற்கும் நடுவிலுள்ள இருபத்தோரு வருஷங்களைத் தாங்குவதற்கு ஒரு கை இருந்தது.

அந்தக் கை இல்லாதவர்களைப் பார்க்க நான் அதிக தூரம் போக வேண்டியதில்லை. இதை எழுதுவது வடக்குப்பட்டில் உட்கார்ந்துகொண்டு. ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், இன்னொரு பக்கம் ஒரகடம். ஷிப்டு பஸ்கள் விடிவதற்கு முன்பே ஓட ஆரம்பிக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-இல் தொடங்கி, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கிக்கொண்டு போனதற்கும் பெயர் ‘விருப்ப ஓய்வு’ தான். அவர்களில் மிகப் பலர் முப்பதைக் கூடத் தொடாதவர்கள். விஜயனாவது முப்பத்து நான்கு!

வடக்குப்பட்டு மண்ணை 2022-இல் தொல்லியல் துறையினர் தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தன. அதைச் செதுக்கிய கை என்றைக்கோ மண்ணாகிவிட்டது. கல் மட்டும் இருக்கிறது. ஆட்டக்காரன் கதை இதற்கு நேர் எதிர். கால் இருக்கிறது, அது போட்ட கோல் காற்றோடு போய்விட்டது. லைனில் நின்று நாளெல்லாம் திருகாணி முடுக்குகிறவனுக்கு இந்த இரண்டும் இல்லை. முடுக்கியது ஏதோ ஒரு காரில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னார் முடுக்கியது என்று யாரும் கைதட்டப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே பையன்கள் பந்தாடுகிறார்கள். தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன், முன்வரிசையில் நன்றாக ஆடுகிறவன், ஒருநாள் வேர்வையைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அடுத்த மாசத்தோட டிரெய்னிங் முடியுது சார். நிரந்தரம் கிடையாதுன்னுட்டாங்க.”

“வயசு என்னப்பா?”

“இருபத்தி மூணு.”

நான் விஜயன் கதையைச் சொன்னேன். சோடாவையும் பன்னிரண்டு விநாடியையும் சொன்னபோது சும்மா கேட்டுக்கொண்டிருந்தான். போலீஸ் உத்தியோகம் என்றதும் நிமிர்ந்தான்.

“அவரு நல்லா ஆடினாரு, வேலை குடுத்தாங்க. நானும் நல்லாத்தானே சார் வேலை பார்த்தேன்?”

செய்த வேலைக்குத்தான் சம்பளம் கொடுத்தார்களே என்று நியாயம் பேசலாம். பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். கெட்டவர்கள் அல்ல, கணக்குத் தெரிந்தவர்கள். ஆனால் அந்தச் சம்பளம் அன்றன்றைய ஷிப்டுக்கு. பதினெட்டிலிருந்து இருபத்து மூன்று வரைக்கும் உள்ள உடம்பு ஒருவனுக்கு ஒரு தடவைதான் வருகிறது. அதற்கு எந்தப் பத்தியில் தொகை போட்டார்கள் என்று அந்தப் பையனின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். பி.எப். பிடித்தம் இருந்தது, கான்டீன் பிடித்தம் இருந்தது, பஸ் பிடித்தமும் இருந்தது.