கோஷ்டியில் நம் குரல்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருப்பாவையின் 30 பாசுரங்களில், 6ஆம் பாசுரம் தொடங்கி 15ஆம் பாசுரம் ஈறாக உள்ள பத்தையும் ஆண்டாள் தோழியரைத் துயிலெழுப்புவதற்கென்றே அமைத்தாள். கண்ணனைக் காணத் துடிப்பவள் தானே முந்திச் சென்று அநுபவிக்கலாகாதோ? பத்து வாசல்களில் நின்று பொழுதைப் போக்குவானேன்? வெள்ளம் பெருகும் ஆற்றில் இறங்குவார் துணை தேடுவது போல, பகவத் விஷயத்தில் இழிபவருக்கும் துணை வேண்டும் என்பது நம் பூர்வாசார்யர்கள் காட்டிய ஸமாதானம். அடியார் திரளோடு கூடாத அநுபவம் நிறைவுறாது என்பதே ஸம்ப்ரதாயத்தின் துணிபு.

திருக்கோவலூர் இடைகழியில் நடந்ததும் இதுவே. ஒருவர் படுக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவும் இடமுள்ள அவ்விடத்தில் முதலாழ்வார்கள் நெருங்கி நின்றபோதுதான் எம்பெருமான் இடையே புகுந்து நெருக்கினான். மூவரும் ஆளுக்கு நூறு வெண்பாக்களாக மூன்று திருவந்தாதிகள் அருளிச்செய்தனர். பொய்கையாழ்வார் ஒரு விளக்கேற்ற, பூதத்தாழ்வார் மற்றொன்று ஏற்ற, அவ்வொளியில் பேயாழ்வார் கண்டார். மூவர் கூடியதனால் எவர் குரலும் மறையவில்லை. ஒருவர் ஏற்றிய ஒளி மற்றவருக்குப் பயன்பட்டது.

ஆயினும் கூட்டத்துக்கு வேறொரு முகமும் உண்டு. அதை நம் அநுபவத்திலிருந்தே விண்ணப்பிக்கிறோம்.

பணி ஓய்வுக்குப் பின் எங்கள் ஊர்ப் பெருமாள் ஸந்நிதி கோஷ்டியில் சேர்ந்தோம். நாலாயிரமும் நெஞ்சில் கொண்ட பெரியோர் நடுவே அமர்ந்து ஸேவிக்கையில் நம் குரலும் தடையின்றி வந்தது. நமக்கும் பாடமாகிவிட்டதென்று மகிழ்ந்தோம். ஒருநாள் திருமாளிகையில் பெருமாள் முன் தனியே தொடங்கினால், நான்காம் பாசுரத்தில் அடுத்த அடி வரவில்லை. இத்தனை நாளும் கோஷ்டி நம்மைச் சுமந்து சென்றிருக்கிறது. நாமே நடந்ததாக நினைத்திருந்தோம். புதியவனைத் தாங்குவது கோஷ்டியின் கருணை. அக்கருணையில் ஒளிந்து வாயை மட்டும் அசைப்பது நம் சோம்பல்.

பாடத்தில் வந்த சோம்பலைத் திருத்திக்கொள்ளலாம். தர்மத்தில் வந்தால்?

இராவணன் ஸபையை நினைப்போம். அநுமன் இலங்கையை எரித்துச் சென்றபின் மந்திராலோசனை கூடியது. ப்ரஹஸ்தன் முதலானோர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வீரம் பேசினர். ஒருவன் பேச்சு அடுத்தவனுக்குத் துணிவூட்ட, ஸபை முழுதும் ஒரே குரலாயிற்று. கும்பகர்ணன் செய்தது தவறென்று சொன்னான். ஆயினும் அண்ணனுக்காகப் போரிடுவதாக அங்கேயே வாக்களித்தான். பிராட்டியைத் திருப்பி அனுப்புக என்று உறுதியாக நின்றவன் விபீஷணன் ஒருவனே. இந்திரஜித்து அவனைக் கோழை என்று இகழ்ந்தான். நால்வரோடு அவன் வெளியேற நேர்ந்தது.

ப்ரஹஸ்தனைப் பழிப்பது நமக்கு எளிது. அவன் அருகில் நாமும் ஒரு முறை அமர்ந்திருந்தோம்.

நாம் பணியாற்றிய வங்கிக் கிளையொன்றில் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று காசாளரிடம், மற்றொன்று அதிகாரியாகிய நம்மிடம். இருவரும் எண்ணி, இருவரும் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. காசாளர் எண்ணியிருப்பார் என்று நாம் ஒப்பமிடுவோம். அதிகாரி பார்த்துக்கொள்வார் என்று அவர் விட்டிருப்பார். ஒருநாள் காலை நூறு ரூபாய்க் கட்டு ஒன்று குறைந்தது. மேலாளர் அறையில் ஐவர் கூடினோம். யாரோ ஒருவர், புதிதாக வந்த இளங்காசாளரின் கவனக்குறைவு என்றார். அடுத்தவர் தலையசைத்தார், அவரைப் பார்த்து மற்றவரும் அசைத்தனர். முந்தைய மாலை எண்ணாமல் ஒப்பமிட்டவர் நாம் என்பது நமக்குத் தெரியும். நாமும் தலையசைத்தோம். அப்பிள்ளை 10,000 ரூபாயைச் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கட்டித் தீர்த்தார். அக்கட்டு என்னவாயிற்று என்பது இன்றளவும் தெரியாது.

வணிகவியல் பயின்றவர் அறிந்த ஒரு விதி உண்டு. கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்று இருவர் ஒரு பத்திரத்தில் ஒப்பமிட்டால், பாதிக்கடன் ஒருவர்மேல் என்று ஆவதில்லை. ஒவ்வொருவரும் முழுக்கடனுக்கும் கட்டுப்பட்டவர். இதைப் பிறருக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். ஐவர் செய்த பிழையில் ஐந்திலொரு பங்கே நம்முடையது என்று மட்டும் நம் நெஞ்சுக்குச் சொல்லிக்கொண்டோம்.

இனி, கடற்கரையில் கூடிய மற்றொரு ஸபை. சரணம் என்று வந்த விபீஷணனை ஏற்பதா என்று பெருமாள் எல்லோரையும் கேட்டருளினார். சுக்ரீவன் கூடாதென்றான். அங்கதன் ஆராய வேண்டும் என்றான், சரபன் ஒற்றனை அனுப்பச் சொன்னான், ஜாம்பவான் ஐயுற்றான், மைந்தன் வினவிப் பார்க்கலாம் என்றான். திருவடி மட்டும் ஏற்கலாம் என்றார். ஒருவர் சொன்னதை மற்றவர் எதிரொலிக்கவில்லை. மறுத்துப் பேசியவரும் இகழப்படவில்லை. அனைத்தையும் கேட்டபின் பெருமாள் அபயம் அளித்தார், சுக்ரீவனும் மனமிசைந்தான். உண்மையைச் சொன்னவனுக்கு இலங்கையில் இடமில்லை; இங்கே, பகைவனின் தம்பிக்கும் இடம் கிடைத்தது. ஒருவன் வாய் திறக்க அஞ்சாத கூட்டமே கோஷ்டி எனத் தகும்.

சென்ற மார்கழியில் 15ஆம் பாசுரம் ஸேவிக்கையில் நம் குரல் நின்றுவிட்டது. அதில் உள்ளே இருக்கும் பெண்ணுக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் வாதம் நிகழ்கிறது. தன்மேல் இல்லாத குற்றத்தைத் தோழியர் சுமத்தியபோதும், அது தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று அவள் ஏற்கிறாள். ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணம் இதுவே என்று பெரியோர் கொண்டாடுவர். இல்லாத குற்றத்தை ஏற்றவள் அவள். இருந்த குற்றத்தை ஓர் இளைஞர் தலையில் இறக்கியவர் நாம்.

தொடர்ந்து அவள், எல்லோரும் வந்தாயிற்றா என்கிறாள். நீயே வந்து எண்ணிக் கொள்ளலாம் என்பது தோழியரின் மறுமொழி. எண்ணுவதாவது, ஒவ்வொருத்தியையும் தனித்தனியே முகம் பார்ப்பது. அன்று கட்டுகளையும் எண்ணவில்லை. எதிரே நின்ற அந்தப் பிள்ளையின் முகத்தையும் நாம் பார்க்கவில்லை.

அவர் இப்போது எங்குள்ளார் என்று விசாரித்து வருகிறோம். கண்டால் சொல்ல வேண்டியதைத் தனியே நின்று நம் குரலில் சொல்ல, எம்பெருமானார் திருவடிகளைப் பற்றுகிறோம். திருப்பாவையும் இப்போது நாள்தோறும் தனியே ஸேவித்துப் பழகி வருகிறோம். கோஷ்டியில் அமரும் பாகவதர்களும் வாரம் ஒருநாள் அவ்வாறு ஸேவித்துப் பார்க்கப் ப்ரார்த்திக்கிறோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.