குரு ஏன் தேடிப் போனார்?



கொஞ்ச நாளைக்கு முன்னால், நம் இயக்கத்தில் இருக்கும் ஓர் ஆசிரியர் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, எங்க பள்ளியில நான்காம் படிவம் படிக்கிற ரெண்டு பையனுங்க இருக்காங்க. ஒரு வாரம் வேலை எப்படி நடக்குதுன்னு பார்த்துப் பழகணும். உங்க ஏர்கோன் கடையில சேர்த்துக்க முடியுமா?"

"தாராளமா அனுப்புங்க சார்" என்று உடனே சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் மனசில் முதலில் என்ன ஓடியது தெரியுமா? 'நல்லதாப் போச்சு, ஏணி பிடிக்க ரெண்டு ஆள் கிடைச்சாச்சு.'

அப்புறம் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஏனென்றால் அந்த ஏணி பிடிக்கிற பையனாக ஒரு காலத்தில் நானும் இருந்தவன்தான்.

அப்போது எனக்கு 16 வயது. ஆண்டுக் கடைசி விடுமுறை. அப்பாவின் கூட்டாளி ஒருவர் கிள்ளான் பக்கம் கார் பட்டறை வைத்திருந்தார். "பையன் வீட்டுல சும்மாதான் இருக்கான், உங்ககிட்ட வந்து வேலை பழகட்டும்" என்று அப்பா சொன்னார். சம்பளம் பற்றி யாரும் பேசவில்லை. நானும் சந்தோஷமாகத்தான் போனேன். மூன்றாவது வாரம் ஒரு பழைய புகைக்குழாயைக் கொடுத்து கிரைண்டரில் தேய்க்கச் சொன்னார்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. இரும்புத் துகள் ஒன்று வலது கண்ணில் ஏறிவிட்டது.

முதலாளி பதறிப்போய் கிளினிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் துகளை எடுத்தார். பணம் முழுக்க முதலாளியே கட்டினார். திரும்பி வரும்போது கடையில் உட்கார வைத்து ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அம்மா கேட்டா வர்ற வழியில தூசி விழுந்துருச்சுன்னு சொல்லிரு. சரியா?"

சரி என்றேன். அம்மாவிடம் அப்படியே சொன்னேன். கண் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அம்மாவிடம் சொன்ன பொய்தான் இன்னும் உறுத்துகிறது.

அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வந்து நின்றவர். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன். நல்ல மனிதர்களும் இப்படி நடக்கிறார்கள் என்றால், நம் எல்லோருடைய நினைப்பிலும் ஏதோ ஒன்று கோணலாக இருக்கிறது.

யார் யாருக்கு உதவி செய்கிறார்?

அந்தக் கோணல் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மாணவனைக் கடையில் சேர்த்துக்கொண்டால், நாம் அவனுக்கு உபகாரம் செய்வதாக நினைக்கிறோம். 'நம்ம பையன், பாவம், ஏதோ பழகிக்கட்டும்.' உபகாரம் என்று நினைத்துவிட்டால் கடமை என்ற பேச்சு மறைந்துபோகிறது. இலவசமாகக் கிடைத்ததைக் குறை சொல்லலாமா என்று மாணவனும் வாயை மூடிக்கொள்கிறான்.

வேலை பார்க்கும் ஊழியரை எடுத்துக்கொள்வோம். சம்பளம் போதவில்லை என்றால் கேட்பார். ஆபத்தான வேலை என்றால் முடியாது என்பார். ரொம்பவும் மோசமானால் வேறு கடைக்குப் போய்விடுவார். மாணவனுக்கு இதில் எது முடியும்? எது ஆபத்து என்றே அவனுக்குத் தெரியாது. என் தொழிலிலேயே ஒன்று சொல்கிறேன். மெயின் சுவிட்சை அடைத்த பிறகும் ஏர்கோனில் இருக்கும் கெப்பாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். என் ஆட்களுக்கு அது தெரியும். புதிதாக வந்த பையன், சுவிட்ச் அடைத்தாச்சே என்று நம்பிக் கை வைப்பான். தெரிந்தாலும் அவனால் மறுக்க முடியுமா? பள்ளிக்குப் போகும் அறிக்கையில் கையெழுத்துப் போடுவது நான். அவன் அப்பாவுக்குத் தெரிந்தவன் நான். வயசில் பெரியவன் நான்.

ஆகவே, ஊழியர் தனக்காகக் கேட்டு வாங்கிக்கொள்வதை, மாணவன் கேட்காமலே நாம் கொடுக்க வேண்டும். அவன் வாய் திறக்க முடியாத இடத்தில் அவனுக்காக யோசிக்க வேண்டியவர் முதலாளிதான். சம்பளம் வாங்காதவன் என்பதால் நம் பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது.

'இதெல்லாம் சேவைதானே?'

இங்கே ஒரு பெரியவர் குறுக்கிடுவார். "நாங்கெல்லாம் கடையைக் கூட்டி, தண்ணி எடுத்துக் கொடுத்துத்தான் தொழில் கத்துக்கிட்டோம். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குச் சேவை மனப்பான்மையே இல்ல."

அவர் சொல்வதில் பாதி உண்மை. கடையைக் கூட்டுவது கேவலம் இல்லை. என் கடையில் நானே கூட்டுகிறேன். ஆனால் சேவை என்பது என்ன? மாட்டேன் என்று சொல்ல முடிந்தும் மனசாரச் செய்வது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் நிற்கிறோமே, அது சேவை. மறுக்க வழியில்லாத பையனை ஒரு வாரம் முழுக்கப் பெருக்க வைத்தால், அதற்குச் சேவை என்று பேர் வைக்க முடியாது.

குருகுலக் கதைகளையும் இதற்குச் சாட்சியாகச் சொல்வார்கள். மகாபாரதத்தில் வரும் ஆருணி கதை நமக்குத் தெரியும். குரு தௌம்யர் வயல் வரப்பை அடைக்கச் சொன்னார். என்ன செய்தும் அடைக்க முடியாமல், ஆருணி தானே உடைப்பில் படுத்துத் தண்ணீரைத் தடுத்தான். குருபக்திக்கு உதாரணமாகச் சமய வகுப்பில் கேட்டிருப்பீர்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. பையனைக் காணோமே என்று குரு விசாரித்தார். "நீங்கள்தானே அனுப்பினீர்கள்" என்றார்கள் மற்றச் சீடர்கள். உடனே குருவே வயலுக்குப் போய், பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடினார்.

பாகவதத்தில் கண்ணனும் குசேலரும் சாந்தீபனி முனிவரிடம் படித்த கதையும் இப்படித்தான். குருபத்தினி சொன்னபடி விறகு எடுக்கக் காட்டுக்குப் போனவர்கள், மழையிலும் புயலிலும் சிக்கி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் அலைந்தார்கள். பொழுது விடிந்ததும் அவர்களைத் தேடிக் காட்டுக்கு வந்தவர் குரு. பல வருஷம் கழித்து, துவாரகைக்கு வந்த குசேலரிடம் கண்ணன் இதை நினைவுபடுத்திப் பேசுகிறான். விறகு சுமந்ததோடு, குரு தேடி வந்ததும் அவன் மனசில் நின்றிருக்கிறது.

சீடனின் பணிவை மட்டும் எடுத்துக்கொண்டு, குரு தேடிப் போனதை நாம் விட்டுவிட்டோம். வேலைக்கு அனுப்பியவரே தேடிப் போக வேண்டும். என் பட்டறை முதலாளியிடம் இல்லாமல் போனது அதுதான்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

சட்டம் சொல்வது குறைந்தபட்சம். சிறுவர், இளையோர் வேலை பற்றி நம் நாட்டில் 1966-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. 2019-இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, 15 வயது நிறைந்து 18 ஆகாதவர் இளையோர். பொதுவாக இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை அவர்களை வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தால் 30 நிமிடமாவது ஓய்வு வேண்டும். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், ஊழியர் அல்லாதவரும் நம் வேலையால் ஆபத்துக்கு ஆளாகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. 2024 ஜூன் முதல் அது ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்தும். 'சின்னக் கடைதானே' என்று இனி தப்பிக்க முடியாது.

அதற்கு மேல் நம் தர்மம் இருக்கிறது. வருவதற்கு முன்பே பெற்றோரிடமும் பள்ளியிடமும் என்ன வேலை, எத்தனை மணி வரை, காப்புறுதி உண்டா என்று பேசிவிட வேண்டும். 'நம்ம ஆள்தானே' என்று விடுகிற இடத்தில்தான் பிறகு பிரச்சினை வருகிறது. முதல் நாளே எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று காட்ட வேண்டும். கையுறை, கண்ணாடி அவன் அளவுக்கு இருக்க வேண்டும். பொறுப்பாக ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பெண் பிள்ளை என்றால், கடை அடைக்கும் நேரத்தில் தனியாக நிறுத்துவது, இரவில் வாட்ஸ்அப் அனுப்புவது எல்லாம் கூடவே கூடாது. எது நடந்தாலும் பெற்றோரிடம் முதலில் சொல்வது நாமாக இருக்க வேண்டும். மறைக்கச் சொல்லி ஒரு பிள்ளையின் வாயில் பொய்யை வைப்பது, காயத்தை விடப் பெரிய பாவம்.

"இவ்வளவு பார்த்தால் சின்ன முதலாளி யாரும் மாணவரைச் சேர்க்கவே மாட்டாரே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கவனிக்க நேரமில்லை என்றால், 'இப்போ முடியாது சார்' என்று சொல்வதே நேர்மை.

நான் ஆசிரியரைத் திரும்பக் கூப்பிட்டேன். "சார், ரெண்டு பேர் வேண்டாம். கூடவே நிக்க என்கிட்ட ஒரு ஆள்தான் இருக்கார். ஒருத்தரை அனுப்புங்க" என்றேன். வந்த பையனிடம் முதல் நாளே சொன்னேன்: "பயமா இருந்தா, புரியலைன்னா, மாட்டேன்னு சொல்லலாம். அதுக்காக அறிக்கையில மார்க் குறையாது."

மூன்றாம் நாள் ஒரு அடுக்குமாடி வீடு. வெளியே மெல்லிய திண்டில் கம்ப்ரசர் இருந்தது. என் ஆள் ஒருவர் ஜன்னல் வழியாக ஒரு காலை வெளியே வைத்து, "தம்பி, ஸ்பேனரை எடுத்துக்கிட்டு இப்படி வா" என்றார். பையன் நகரவில்லை. "அண்ணே, நான் வரலை. பயமா இருக்கு" என்றான். அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாக என் ஆட்கள் யாரும் சொல்லாததை அந்தப் பையன் சொல்லிவிட்டான். "நீயும் உள்ளே வாப்பா. பெல்ட் போட்டுட்டு அப்புறம் பார்க்கலாம்" என்றேன். அன்றைக்கு வேலை ஒரு மணி நேரம் தாமதம். மாலையில் அவன் அம்மாவுக்குப் போன் செய்து, நடந்ததை நானே சொன்னேன்.

தம்பி, தங்கைகளே, நாளைக்கு நீங்களும் ஒரு கடைக்கோ ஆபீசுக்கோ பழகப் போவீர்கள். மரியாதையாக இருங்கள், கூட்டச் சொன்னால் கூட்டுங்கள். ஆனால் பயந்தால் சொல்லுங்கள். பிறகு ஒருநாள் நீங்களே முதலாளி ஆவீர்கள். அப்போது உங்களிடம் ஒரு பிள்ளை வந்து நிற்கும். நீங்கள் அனுப்பிய இடத்திலிருந்து அது திரும்பி வந்துவிட்டதா என்று பார்க்க மறக்காதீர்கள்.