எச்சிலும் காப்பி கிளப்பும்

காப்பிக் கடை தமிழ்நாட்டில் பரவியபோது, எச்சில், தீட்டு என்னும் ஆசாரக் கேள்விகளும் வீட்டை விட்டுக் கடைத்தெருவுக்கு வந்தன. யார் கையால் வாங்கிக் குடிக்கலாம், யாருடன் உட்காரலாம், பிறர் வாய்வைத்த டம்ளரைத் தொடலாமா என்பதையெல்லாம் அதுவரை குடும்பமும் சாதியும் தீர்மானித்துவந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருகிய ‘பிராமணாள் காப்பி கிளப்’புகள் அந்தப் பழைய தீர்மானத்தையே பலகையில் எழுதித் தொங்கவிட்டன. பிராமணர்களுக்குத் தனி இடம். தலித்துகளுக்கு நுழைவே இல்லை. டம்ளர் உதட்டில் படாமல் தூக்கிக் குடிப்பவருக்கு எச்சில் பயம் இருக்க நியாயமில்லை. ஆயினும் தடுப்புச் சுவர் அப்படியே நின்றது. அஞ்சியது எச்சிலுக்கு அல்ல, மனிதருக்குத்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதைச் சமயத்தின் கட்டளை என்று சொல்வது பாதி உண்மையே. பழைய செங்கல்பட்டு மாவட்டத்து வைணவ மரபே இதை மறுத்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், பூவிருந்தவல்லியைச் சேர்ந்த, பிராமணரல்லாத திருக்கச்சி நம்பியை விருந்துக்கு அழைத்து, அவர் உண்ட மிச்சத்தைப் பிரசாதமாக உண்ண விரும்பினார். ராமானுஜர் வீடு திரும்புமுன் அவர் மனைவி நம்பிக்குப் பரிமாறி, இலையை எடுத்தெறிந்து, இடத்தைக் கழுவிக் குளித்தும் விட்டார். ராமானுஜர் மனம் நொந்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். மதுராந்தகத்தில் அவருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் என்னும் வைணவ தீட்சை அளித்த பெரிய நம்பி, தாழ்த்தப்பட்ட குலத்தவரான மாறனேரி நம்பிக்கு ஈமக்கடன் செய்தவர்.

ஆனால் அந்தச் சமத்துவம் அடியாருக்கு உரியது. கடைக்கு வருபவரோ முன்பின் அறியாதவர். அவருடைய பக்தியை யாரும் கேட்பதில்லை. இதே வேறுபாடு ஜப்பானிலும் உண்டு: தேநீர்ச் சடங்கில் விருந்தினர் ஒரே கிண்ணத்தில் மாறி மாறிக் கெட்டித் தேநீர் அருந்துவார்கள், அதுவும் அழைக்கப்பட்டவர்களுக்கே. 1888-இல் டோக்கியோவின் உஎனோ பகுதியில் திறந்த காப்பிக் கடைக்கு அழைப்பு வேண்டியிருக்கவில்லை. காசு கொடுக்கும் எவரும் உள்ளே போகலாம் என்றால், அதற்குப் பக்தி வழங்கும் விலக்கு போதாது, உரிமை வேண்டும்.

அந்த உரிமைப் பேச்சுக்குச் செங்கல்பட்டே ஒரு களம். 1929 பிப்ரவரியில் இங்கு கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு வருணப் பிரிவினையைக் கண்டித்தது. சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த பிராமணர், ‘இதராள்’ (பிராமணரல்லாதார்) என்னும் பிரிவு 1941-இல் நீங்கியது. அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு உணவகங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டம், உணவகப் பாத்திரங்களைப் பயன்படுத்தத் தீண்டாமையின் பேரில் தடைசெய்வதையும் குற்றமாக்கியது; தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கும் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறை அதன்படி தண்டனைக்குரியது.